சிற்றூர்ப் பாதைகளும் ஸ்பிரிண்டர் ரயில்களும்

பிரிட்டன் நாட்டு ரயில் வரலாற்றை எழுதுவோர் ஜார்ஜ் ஸ்டீவன்சனில் தொடங்கி, நீராவி எஞ்சின்களின் பெருமையைப் பேசி, மணிக்கு 125 மைல் வேகத்தில் ஓடும் நெடுந்தொலைவு வண்டிகளில் முடிப்பது வழக்கம். நாட்டுப்புறக் கிளைப்பாதைகளில் இரண்டே பெட்டிகளுடன் போய்வரும் டீசல் வண்டிகளுக்கு அவ்வரலாற்றில் இரண்டு வரி கிடைத்தால் அதுவே பெரிது. எனினும், 1980 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அந்நாட்டின் சிற்றூர்ப் பாதைகள் பிழைக்குமா மாளுமா என்னும் கேள்வி எழுந்தபோது, அதற்கு விடை கூறியவை அந்தச் சிறிய வண்டிகளே. ஸ்பிரிண்டர் என்று பெயர் பெற்ற அவ்வண்டிக் குடும்பம் தோன்றிய வரலாறும், அதனால் விளைந்த நன்மை தீமைகளும் ஆராயத்தக்கவை.

தானே இயங்கும் பெட்டி

இவ்வகை வண்டி இன்னதென்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். வழக்கமான ரயிலில் முன்னே ஓர் எஞ்சின். பின்னே அதனால் இழுக்கப்படும் பெட்டிகள். கடைசி நிலையத்தை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தின் வழியே சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் பூட்டினால்தான் வண்டி திரும்ப முடியும். நீராவிக் காலத்தில் வேலை இதற்கு மேலும் உண்டு. விடியுமுன்பே எஞ்சினுக்குத் தீ மூட்ட வேண்டும். கரி அள்ள வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும். ஓட்டுநருடன் கரி தள்ளுவோர் ஒருவரும் நாள் முழுதும் நிற்க வேண்டும். ஒரு நடைக்கு முப்பது பேர் ஏறியிறங்கும் கிளைப்பாதை இத்தனை செலவைத் தாங்குமா?

தானே இயங்கும் டீசல் பெட்டி வேறு வகையானது. பஸ்ஸில் இருப்பது போன்ற டீசல் எஞ்சின், பெட்டித் தரையின் அடியில் தொங்கவிடப்பட்டிருக்கும். தொடரின் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு. கடைசி நிலையத்தில் ஓட்டுநர் தம் பையை எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடந்து சென்றால் போதும். வண்டி திரும்புவதற்கு ஆயத்தமாகிவிடும். இரண்டு மூன்று தொடர்களை ஒன்றோடொன்று பூட்டினாலும், முன்னால் இருக்கும் ஓட்டுநர் ஒருவரே எல்லா எஞ்சின்களையும் ஒருசேர இயக்கலாம்.

கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி இத்தகைய பெட்டிகளை 1934 ஆம் ஆண்டிலேயே ஓட்டிப் பார்த்தது. ஆயினும் ரயில் கம்பெனிகள் யாவும் 1948 ஜனவரி முதல் நாள் நாட்டுடைமையான பின்னரே அவை பெருகின. 1954 ஆம் ஆண்டில் யார்க்ஷயர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ஆலைகள் நிறைந்த லீட்ஸ், பிராட்போர்டு ஊர்களுக்கிடையே, டெர்பி பட்டறையில் செய்த இலேசான டீசல் தொடர்கள் ஓடத் தொடங்கின. மறு ஆண்டு வெளியான 124 கோடி பவுன் செலவுள்ள புதுமைத் திட்டம் இவற்றை ஆயிரக்கணக்கில் கட்டும்படி ஏற்பாடு செய்தது. 1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 4,000 பெட்டிகள் நாடெங்கும் ஓடின.

அவசரத்தில் செய்த காரியத்திற்குரிய குறைகள் அவற்றில் இல்லாமற் போகவில்லை. அரசாங்கப் பட்டறைகளும் தனியார் கம்பெனிகளுமாகப் பலர் பலவிதமாகச் செய்ததால், ஒருவர் செய்த தொடர் மற்றொருவர் செய்த தொடரோடு பொருந்தவில்லை. எது எதனோடு சேரும் என்பதைக் காட்டுவதற்காகப் பெட்டிகளின் முகப்பில் நீலச் சதுரம், சிவப்பு முக்கோணம், ஆரஞ்சு நட்சத்திரம், மஞ்சள் சாய்சதுரம், வெள்ளை வட்டம் என்று குறிகள் பொறிக்கப்பட்டன. பாலர் வகுப்பில் வண்ண அட்டைகளைப் பொருத்தக் கற்பிப்பது போன்ற இந்த ஏற்பாட்டை ரயில் நிலையத்து ஊழியர்கள் பல்லாண்டுகள் பின்பற்ற வேண்டியிருந்தது.

மூடுவிழாக் காலம்

டீசல் பெட்டிகள் செலவைக் குறைத்தன, நட்டத்தை ஒழிக்கவில்லை. மோட்டார் காரும் பஸ்ஸும் பெருகிவிட்ட காலம் அது. 1963 மார்ச் 27 ஆம் நாள் ரயில் வாரியத் தலைவர் டாக்டர் ரிச்சர்டு பீச்சிங் வெளியிட்ட அறிக்கை, 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூட வேண்டுமென்று கூறியது. எந்தப் பாதையில் எத்தனை டிக்கெட் விற்றது, எத்தனை செலவாயிற்று என்று கணக்குப் பார்த்து, வரவு குறைந்த பாதைகளை அறுத்தெறிவதே அவ்வறிக்கையின் சாரம். பரிந்துரைத்தவற்றுள் பெரும்பகுதி அடுத்த பத்தாண்டுகளுக்குள் மூடப்பட்டும் விட்டது.

ஆனால், ஒரு கேள்வியை அறிக்கை போதிய அளவு கேட்கவில்லை. பாதையை மூடாமலே அதன் செலவைக் குறைக்க முடியாதா என்பதே அக்கேள்வி. கிழக்கு வட்டாரத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜெரார்டு பைன்ஸ் அதனைக் கேட்டார். சபோக் மாவட்டத்துக் கடலோரப் பாதையை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். நிலையங்களில் டிக்கெட் விற்போர் எதற்கு? வண்டியிலுள்ள கார்டே பஸ் கண்டக்டரைப் போல டிக்கெட் விற்கட்டும். ஆளில்லாத நிலையத்தில் ஒரு மேடையும் ஒரு கூரையும் போதுமே. இவ்வாறு அடிப்படைத் தேவைகளோடு மட்டும் நடத்தினால் பாதை பிழைக்கும் என்பது அவர் வாதம். அமைச்சர் பார்பரா காசில் 1966 ஆம் ஆண்டில் அப்பாதையை மூட மறுத்தார். ரயிலைத் தாம் நடத்த முயன்ற கதையை ஒரு நூலாக எழுதிய பைன்ஸ், மறு ஆண்டில் அதன் காரணமாகவே வேலையை இழந்தார். அவரது கருத்து மட்டும் நிலைத்தது. பின்னாளில் வந்த சிறு ரயில்கள் யாவும், கார்டு டிக்கெட் விற்பார் என்னும் எண்ணத்தின்மேல் அமைந்தவையே.

பார்பரா காசில் அம்மையார் கொண்டுவந்த 1968 ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டமும் குறிப்பிடத்தக்கது. இலாபம் தராவிடினும் மக்களுக்கு இன்றியமையாத பாதைகளுக்கு அரசாங்கம் மானியம் தரலாம் என்பதை அது ஏற்றுக்கொண்டது. பெருநகர வட்டாரங்களில் போக்குவரத்து நிர்வாகங்களை அமைத்து, உள்ளூர் வரிப்பணத்தை ரயிலுக்குச் செலவிடவும் வழி செய்தது.

ஓசையின்றி வந்த ஆபத்து

பாதை மூடுவதென்றால் அறிவிப்பு வேண்டும். ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். பத்திரிகைகளில் கண்டனம் எழும். 1980 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்த ஆபத்தோ அத்தகையதன்று. பீச்சிங்கின் வாளுக்குத் தப்பிய பாதைகளில் ஓடிய டீசல் பெட்டிகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. ஆகவே ஒரே காலத்தில் மூப்படைந்தன. தினமும் சில பெட்டிகள் பழுதுற்றுப் பட்டறையில் நின்றன. அவற்றுள் பலவற்றின் சுவர்களுக்குள் வெப்பம் தாங்குவதற்காக ஆஸ்பெஸ்டாஸ் திணிக்கப்பட்டிருந்தது. நுரையீரலைக் கெடுக்கும் அப்பொருளைப் பத்திரமாக அகற்றுவதற்கே பெருந்தொகை வேண்டும். பழைய பெட்டிகளைச் செப்பனிடுவதா, புதியன வாங்குவதா, அன்றி இரண்டையும் செய்யாது பாதைகளைத் தாமாகவே உலர்ந்து போக விடுவதா?

மூன்றாவது வழியை விரும்பியோரும் இருந்தனர். சர் டேவிட் செர்பெல் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கை 1983 ஜனவரியில் வெளிவந்தது. 10,000 மைலுக்குச் சற்று மேற்பட்டிருந்த பாதையை 1,630 மைலாகக் குறைத்தால் ரயில்வே தன் காலில் நிற்கும் என்று ஒரு கணக்கை அது காட்டியது. பல வழிகளுள் ஒன்றாகத்தான் அது கூறப்பட்டது எனினும், அவ்வறிக்கையோடு இணைந்த படத்தைக் கண்ட மக்கள் திடுக்கிட்டனர். வேல்ஸ் நாட்டில் கார்டிப் நகரத்துக்கு அப்பால் ஏதுமில்லை, ஸ்காத்லாந்தின் வடபகுதி வெற்றிடம், கார்ன்வால் வெற்றிடம். எழுந்த எதிர்ப்பில் அக்கணக்கு மூலைக்குப் போயிற்று. ஆனால் ஓடாத பெட்டிகளை அந்த எதிர்ப்பு ஓடச் செய்துவிடவில்லை.

இதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1982 ஆம் ஆண்டில், ரயில் வாரியம் தன் தொழிலைப் பிரித்து அமைத்தது. நெடுந்தொலைவு வண்டிகள் ஒரு பிரிவு. இலண்டன் வட்டாரம் ஒரு பிரிவு. எஞ்சியவை எல்லாம் சேர்ந்து மாகாணப் பிரிவு. அப்பிரிவுக்குப் பத்தாண்டின் இறுதியில் வட்டார ரயில்வே என்னும் புதுப்பெயர் இடப்பட்டது. யாரும் விரும்பாத பாதைகளின் தொகுப்பாகவே அது முதலில் கருதப்பட்டது. எனினும் ஒரு பொறுப்பாளரின் கீழ் ஒரு கணக்கு வந்ததால், ஒரு பாதையின் செலவு எங்கே போகிறது என்பதை முதன்முறையாகத் தெளிவாகக் காண முடிந்தது. பழைய வண்டிகளைக் கட்டிக் காப்பதில்தான் பணம் கரைந்துகொண்டிருந்தது.

பஸ்ஸிலிருந்து பிறந்த ரயில்

புதிய வண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதில் கருத்து ஒற்றுமை இல்லை. 1981, 1982 ஆம் ஆண்டுகளில் டெர்பியில் இரண்டு தொடர்கள் சோதனைக்காகச் செய்யப்பட்டன. 210 ஆம் வகை என்று பெயர் பெற்ற அவை உறுதியானவை, வசதியானவை. ஆனால் விலை மிகுந்தவை. எஞ்சினைத் தரைக்கு மேலே தனி அறையில் வைத்ததால் பயணிகளுக்குரிய இடமும் குறைந்தது. இரண்டோடு அம்முயற்சி நின்றது.

மற்றொரு முயற்சி இதற்கு நேர்மாறானது. லேலண்டு கம்பெனி செய்த பஸ்ஸின் உடற்பகுதியை எடுத்து, சரக்கு வண்டியின் ஆராய்ச்சியில் உருவான நான்கு சக்கரச் சட்டத்தின்மேல் பொருத்தினால் என்ன? 1978 ஆம் ஆண்டில் செய்த ஒற்றைப் பெட்டி ஓடிக் காட்டியது. அதிலிருந்து பேசர் என்னும் குடும்பம் பிறந்தது. 1983 முதல் 1987 வரை நான்கு வகைகளில் மொத்தம் 164 தொடர்கள் செய்யப்பட்டன. சாதாரண ரயில் பெட்டி, முனைக்கு ஒன்றாக இரண்டு சிறு வண்டிச் சட்டங்களின்மேல் அமர்ந்திருக்கும். அச்சட்டங்கள் வளைவுக்கேற்பத் திரும்பும். பேசருக்கோ பெட்டிக்கு நான்கே சக்கரங்கள், அவை திரும்புவதில்லை. தண்டவாள இணைப்பைக் கடக்குந்தோறும் பெட்டி மேலும் கீழும் ஆடியதால், தலையாட்டும் கழுதை என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தனர்.

வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் பெயர்போன கார்ன்வால் மாவட்டத்தில் பேசருக்கு நேர்ந்த கதி படிப்பினை மிக்கது. 1985 ஆம் ஆண்டில் பதின்மூன்று தொடர்கள், பழைய கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் பழுப்பும் பாலேடும் கலந்த வண்ணம் பூசப்பட்டு, ஸ்கிப்பர் என்னும் தனிப்பெயரோடு அனுப்பப்பட்டன. அங்குள்ள கிளைப்பாதைகளோ மலைச்சரிவுகளில் பாம்பு போல் வளைந்து செல்பவை. திரும்ப மறுத்த சக்கரங்கள் தண்டவாளத்தோடு உராய்ந்து கிறீச்சிட்டன. சக்கரங்களும் விரைவில் தேய்ந்தன. இரண்டே ஆண்டுகளில் அவை வடக்கே அனுப்பப்பட, ஓய்வு கொடுக்க நினைத்த பழைய பெட்டிகள் மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்டன. வண்டியை வாங்கும் முன் பாதையைப் பார்க்க வேண்டும் என்பது எளிய உண்மைதான். இலண்டனில் இருந்துகொண்டு விலைப்பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு அது தோன்றவில்லை.

பேசரை வெறுமனே இகழ்ந்து விடுவதும் நேர்மையன்று. கைக்குப் பணம் கிடைக்காத காலத்தில் அது ஓடியிராவிட்டால் வடக்கு இங்கிலாந்திலும் தென் வேல்ஸிலும் பல பாதைகளில் எதுவுமே ஓடியிருக்காது. தவறு எங்கே என்றால், நெருக்கடிக்காகச் செய்த வண்டியை நெருக்கடி தீர்ந்த பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியதில் உள்ளது. மாற்றுத்திறனாளிகள் ஏறியிறங்க வசதி வேண்டும் என்னும் சட்டம் வந்த பின்னரே அவை விலகத் தொடங்கின. கடைசிப் பேசர் வேல்ஸில் 2021 மே மாதத்தில் ஓய்வு பெற்றது. சில பெட்டிகள் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கப்பட்டன. ஓடும்போது ஆடிய பெட்டிகள் அங்கே அசையாமல் நிற்கின்றன.

போட்டியில் வென்ற வண்டி

பேசருக்கும் 210 ஆம் வகைக்கும் நடுப்பட்டதாக ஒன்று வேண்டும் என்பதை மாகாணப் பிரிவு உணர்ந்தது. இங்கே அது கையாண்ட முறை பாராட்டத்தக்கது. வண்டியின் ஒவ்வோர் ஆணியையும் தானே வரைந்து கொடுக்கும் பழைய வழக்கத்தை விட்டு, வண்டி என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் கூறி, இரு தரப்பாரிடம் மாதிரிகளைக் கேட்டது. யார்க் நகரத்து அரசாங்கப் பட்டறை 1984 ஆம் ஆண்டில் 150 ஆம் வகை மாதிரிகள் இரண்டைக் கொடுத்தது. பர்மிங்ஹாம் மெட்ரோ-கேமல் கம்பெனி மறு ஆண்டில் 151 ஆம் வகையைக் கொடுத்தது. யார்க்கின் இரு மாதிரிகளுக்குள்ளேயும் ஒரு போட்டி வைக்கப்பட்டது: ஒன்றுக்குக் கம்மின்ஸ் எஞ்சினும் ஜெர்மானிய வோய்த் கம்பெனியின் திரவ இணைப்புப் பெட்டியும், மற்றதற்கு ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சினும் கியர் பெட்டியும். கம்மின்ஸ்-வோய்த் இணையே நம்பத்தக்கதென்று தெரிந்தது. 151 ஆம் வகை தோற்று, பல்லாண்டு ஓரத்தில் கிடந்து, இறுதியில் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது.

வென்ற 150 ஆம் வகையே முதல் ஸ்பிரிண்டர். குறுந்தூர ஓட்டப்பந்தய வீரர் என்பது அச்சொல்லின் பொருள். விளையாட்டுப் போட்டிகளில் 100 கஜ ஓட்டக்காரர் புறப்படும் வேகமே அவருக்கு வெற்றி தருவது போல, மூன்று மைலுக்கு ஒருமுறை நிற்கும் வண்டிக்குப் புறப்படும் வேகமே முக்கியம். பெட்டி ஒவ்வொன்றிலும் 285 குதிரைச் சக்தியுள்ள எஞ்சின் உண்டு. பழைய பெட்டிகளின் எஞ்சின் 150 குதிரைச் சக்தியே உடையது. உச்ச வேகம் மணிக்கு 75 மைல். நெடுந்தொலைவு வண்டிகளுக்காக உருவான எஃகுப் பெட்டியின் அமைப்பையே குறுக்கி இதற்குப் பயன்படுத்தினர். இரண்டு பெட்டித் தொடர்களாக 135 செய்யப்பட்டன. முதல் 50 தொடர்களில் முனைக்கதவு இல்லை, பின்வந்த 85 இல் உண்டு. முனைக்கதவு சிறு செய்திபோல் தோன்றும். அது இருந்தால்தான் இரண்டு தொடர்களைப் பூட்டும்போது கார்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போய் டிக்கெட் விற்க முடியும்!

வண்ணக் குறிகளின் குழப்பத்துக்கும் முடிவு வந்தது. ஸ்பிரிண்டர், பேசர் அனைத்துக்கும் ஒரே வகைத் தானியங்கு இணைப்புக் கொண்டி வைக்கப்பட்டது. இரண்டு தொடர்கள் மெல்ல மோதினால் கொண்டியும், பிரேக் காற்றுக் குழாயும், மின் இணைப்பும் ஒருசேரப் பூட்டிக்கொள்ளும். யாரும் தண்டவாளத்தில் இறங்க வேண்டியதில்லை. இதன் பயனை ஸ்காத்லாந்தின் மேற்கு மலைநாட்டில் காணலாம். கிளாஸ்கோவிலிருந்து இரண்டு தொடர்கள் ஒன்றாகப் புறப்படும். கிரியன்லாரிக் என்னும் சிற்றூரில் அவை பிரிந்து, ஒன்று ஓபன் துறைமுகத்துக்கும் மற்றொன்று போர்ட் வில்லியம் வழியாக மலேக் துறைமுகத்துக்கும் செல்லும். ஒரு வண்டிக்குரிய செலவில் இரண்டு ஊர்களுக்கு வண்டி கிடைத்தது.

வேல்ஸ் நாட்டின் கடலோரக் கேம்பிரியன் பாதையை இங்கே நினைவுகூர வேண்டும். பார்மவுத் ஊரில் கடற்கழியைக் கடக்கும் மரப்பாலம் 1867 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1980 ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, நீருக்கடியில் இருந்த மரத்தூண்களைக் கப்பல் புழு அரித்திருப்பது தெரிந்தது. பாரமான எஞ்சின்கள் பாலத்தில் ஏறக் கூடாதென்று தடை விதிக்கப்பட்டு, சில ஆண்டுகள் நீடித்தது. இலேசான டீசல் பெட்டி இல்லாதிருந்தால் அப்பாதை அன்றே முடிந்திருக்கும். தூண்கள் பழுதுபார்க்கப்பட்டன, ஸ்பிரிண்டர்கள் 1986 ஆம் ஆண்டில் அங்கே வந்தன. வானொலி வழியே ஓட்டுநருக்கு அனுமதி வழங்கும் முறையும் பின்னர் ஏற்பட்டதால், வழிநெடுகக் கைகாட்டிக் கூண்டுகளில் ஆட்களை அமர்த்தும் செலவும் நீங்கிற்று.

குடும்பம் பெருகுதல்

குடும்பத்தின் அடுத்த தலைமுறை நீளமான பெட்டிகளைக் கொண்டது. 155 ஆம் வகை லேலண்டு கம்பெனியாராலும், 156 ஆம் வகை மெட்ரோ-கேமல் கம்பெனியாராலும் 1987 முதல் 1989 வரை செய்யப்பட்டன. முந்தையது 42 தொடர்கள், பிந்தையது 114. எஞ்சின் இழுத்துச் சென்ற பழைய நீண்ட வண்டிகளின் இடத்தை இவை பிடித்தபோதுதான் முதல் மனத்தாங்கல் எழுந்தது. கிழக்குப் பகுதியிலுள்ள நாரிச் நகரிலிருந்து மேற்குக் கரையிலுள்ள லிவர்பூல் வரை நாட்டைக் குறுக்கே கடக்கும் வண்டி, 1988 ஆம் ஆண்டில் இரண்டு பெட்டியாகச் சுருங்கிற்று. முன்பைவிட அடிக்கடி வண்டி வந்ததும், முன்பைவிட விரைந்து சென்றதும் மெய்யே. ஆயினும் வெள்ளிக்கிழமை மாலையில் மூட்டை முடிச்சுகளோடு நெடுகிலும் நின்றுகொண்டே பயணம் செய்தவருக்கு அந்த மெய் ஆறுதல் தராது.

1989 முதல் 1992 வரை டெர்பியில் செய்த 158 ஆம் வகை இக்குறையைப் போக்க எண்ணியது. அலுமினியத்தாலான உடல், குளிர்சாதன வசதி, மணிக்கு 90 மைல் வேகம். 182 தொடர்கள் செய்யப்பட்டன. குடும்பத்திலேயே அழகானதும் நயமானதுமான இவ்வண்டி, யாரும் எதிர்பாராத ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டது. அதனைச் சற்று விரித்துரைப்பது அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

ரயில் ஒன்று குறிப்பிட்ட பகுதியில் இருக்கிறதா இல்லையா என்பதைக் கைகாட்டி எப்படி அறிகிறது? இரண்டு தண்டவாளங்களிலும் மெல்லிய மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. ரயில் வந்ததும் அதன் இரும்புச் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிட, மின்னோட்டம் அவ்வழியே குறுக்கே பாய்ந்து, கருவிக்குச் செல்லாமல் நின்றுவிடும். கருவி அடங்கியதும் பின்னாலுள்ள கைகாட்டி சிவப்பாகும். இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் விழும் இலைகள் நசுங்கிப் பிசின்போல் ஒரு படலமாகப் படியும். அது சக்கரத்திலும் ஒட்டிக்கொள்ளும். பழைய வண்டிகளில் பிரேக் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பையே பிடித்துத் தேய்த்ததால், நிற்கும் ஒவ்வொரு முறையும் அப்படலம் துடைக்கப்பட்டது. 158 ஆம் வகையில் மோட்டார் காரில் உள்ளது போன்ற வட்டத்தகட்டு பிரேக். அது சக்கர விளிம்பைத் தொடுவதேயில்லை. வண்டியோ இலேசானது, படலத்தை நசுக்கும் கனமும் இல்லை. விளைவு என்ன? தண்டவாளத்தில் வண்டி நிற்கிறது. கைகாட்டிக்கு அது தெரியவில்லை. பின்வரும் வண்டிக்கு வழி திறந்திருப்பதாகக் காட்டும் அபாயம்! பிறகு, படலத்தையும் ஊடுருவி மின்னோட்டம் பாயத் தூண்டும் கருவிகள் வண்டிகளின் அடியில் பொருத்தப்பட்டு இது சரி செய்யப்பட்டது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக எடையைக் குறைத்தவர்கள், எடையும் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது என்பதைப் பட்டறிந்து தெரிந்துகொண்டனர்.

குடும்பத்தின் கடைக்குட்டியான 159 ஆம் வகை, இலண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து சாலிஸ்பரி வழியாக எக்சிட்டர் செல்லும் பாதைக்கு 1993 இல் வந்த 22 தொடர்கள். இக்குடும்பம் கடல் கடந்தும் சென்றது. தாய்லாந்து ரயில்வே 1991 ஆம் ஆண்டில் 158 ஆம் வகையைத் தழுவிய 20 பெட்டிகளை டெர்பியிலிருந்து மீட்டர் அகலப் பாதைக்கேற்ப வாங்கியது. பாங்காக்கிலிருந்து சியாங் மாய் நகருக்குச் சென்ற அவ்வண்டிகளைத் தாய்லாந்து மக்களும் ஸ்பிரிண்டர் என்றே அழைத்தனர். ஊருக்கு ஊர் நிற்பதற்கென்று பிறந்த குடும்பம் அங்கே தனிச்சிறப்பு விரைவு வண்டியாக உயர்ந்தது.

கணக்கின் இரு பக்கம்

இவ்வண்டிகளால் விளைந்த பயன் என்ன? 1980 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதிக்குப் பின் பாதை மூடுதல் அநேகமாக நின்றுவிட்டது. மூடிக் கிடந்தவை சில திறக்கப்பட்டன: ஸ்காத்லாந்தில் பாத்கேட் 1986 இல், வேல்ஸில் அபர்டேர் 1988 இல், நாட்டிங்ஹாமிலிருந்து வடக்கே செல்லும் ராபின் ஹூட் பாதை 1993 முதல் படிப்படியாக. யார்க்ஷயர் மலைகளினூடே செல்லும் செட்டில்–கார்லைல் பாதையை மூடும் முயற்சி, 20,000 க்கு மேற்பட்டோர் ஆட்சேபித்ததால் 1989 ஏப்ரலில் கைவிடப்பட்டது. ஆட்சேபித்தோருள் தவறாது ரயிலேறும் நாய் ஒன்றும் தன் பாதத்தைப் பதித்திருந்தது. மக்களின் போராட்டம்தான் அப்பாதையைக் காத்தது, மறுக்கவியலாது. ஆனால் காத்த பாதையில் குறைந்த செலவில் ஓட்ட ஒரு வண்டி இருந்ததும் மறுக்கவியலாத ஒன்றே.

மறுபக்கம் உண்டு. பழைய பெட்டிகள் எத்தனை இருந்தனவோ அத்தனை புதிய பெட்டிகள் வாங்கப்படவில்லை. புதியவை பழுதின்றி அதிக நேரம் ஓடும், ஆகவே குறைவாக வாங்கினால் போதும் என்ற வாதத்தின்மீதே அரசாங்கம் பணம் கொடுத்தது. கூட்டம் பெருகாது என்ற நம்பிக்கை அவ்வாதத்துக்குள் மறைந்திருந்தது. நல்ல வண்டி வந்ததும் கூட்டம் பெருகியது. 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரயில்வே தனியார்மயமானபோது, இவ்வண்டிகள் மூன்று வாடகைக் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு விற்கப்பட்டன. அவற்றுள் போர்ட்டர்புரூக் என்பது 1996 ஜனவரியில் 52 கோடியே 70 இலட்சம் பவுனுக்கு விற்கப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் 82 கோடியே 50 இலட்சத்துக்குக் கைமாறியது. மலிவாக இருக்க வேண்டுமென்று அரசாங்கப் பணத்தில் பார்த்துப் பார்த்துக் கட்டிய வண்டிகள், ஏழே மாதத்தில் இத்தனை இலாபம் தரும் சொத்தாயின. முதல் ஸ்பிரிண்டரைச் செய்த யார்க் பட்டறை, புதிய ஆணைகள் வராததால் அதே 1996 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. வண்டிகளோ 2020 ஐத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தன.

சிக்கனத்தின் எல்லை எது என்பதை 153 ஆம் வகையில் காணலாம். மிகச் சிறிய பாதைகளுக்கு இரண்டு பெட்டிகளும் அதிகம் என்று கருதிய வட்டார ரயில்வே, 155 ஆம் வகையின் 35 தொடர்களை 1991, 1992 ஆம் ஆண்டுகளில் ஸ்காத்லாந்தின் கில்மார்னக் ஊருக்கு அனுப்பியது. அங்கே அவை இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்டு, 70 ஒற்றைப் பெட்டிகள் ஆயின. பிரித்த முனையில் புதிதாக ஓர் ஓட்டுநர் அறை கட்ட வேண்டியிருந்தது. இடம் போதாமையால் அது குறுகலாக அமைந்து, நெடிய ஓட்டுநர்கள் முழங்காலை மடக்கி உட்கார நேர்ந்தது. அப்பெட்டிகள் பல பாதைகளை உயிரோடு வைத்திருந்தன. ஆண்டுகள் சென்றன. அதே பாதைகளில் பயணிகள் பெருகவே, ஒற்றைப் பெட்டியில் நிற்கவும் இடமில்லாமற் போயிற்று. வாடகைக்கு வேறு வண்டி கிடைக்காததால், பிரித்த பெட்டிகளையே மீண்டும் இரண்டிரண்டாகப் பூட்டி ஓட்டினார்கள். அவ்வாறு பூட்டிய தொடரில் நான்கு ஓட்டுநர் அறைகள் இருந்தன, ஓட்டுநர் ஒருவர்தான்.